வெல்வெட் இலைக்குப் பாலிஷ்

அத்தியாயம் பதினொன்று

இலை மின்னியது.

மரக்கடையில் வாங்கிய பட்டைத் துண்டுப் பையோடு பின்னறைக்குள் நுழைந்த செடிக்காரியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். ஜன்னலோரம் கம்பில் ஏறி நிற்கும் கறுப்பு வெல்வெட் ஃபிலோடென்ட்ரான், இப்போதுதான் துடைத்து வைத்த பூட்ஸ் மாதிரி பளபளத்தது.

வெல்வெட் இலை பளபளக்கக் கூடாது. வெளிச்சத்தை உள்ளே வாங்கிக்கொண்டு, வண்ணத்துப்பூச்சியின் இறகு போல மங்கலாக நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்தச் செடியைத் தேடி அலைகிறார்கள்.

பையைக் கீழே போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனாள். அதுவும் மின்னியது. தரையோடு தவழும் இதய இலைக்காரி, அதன் பெரிய வெள்ளை நரம்புகள் உட்பட மின்னினாள். விரலால் தொட்டாள். வழுக்கியது. முகர்ந்தாள். தேன்மெழுகு.

அந்த வீட்டில் தேன்மெழுகு வாசனைக்குச் சொந்தக்காரர் ஒருவர்தான்.

“அப்பா!”

இன்றைக்குப் போய் இப்படி நடக்க வேண்டுமா? பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் செடிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்ற சேதி வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒரே மூட்டம். வேலையோடு தங்க ஓர் அறையும் தருகிறார்கள். மணவாழ்க்கை முறிந்து அப்பா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தவளுக்கு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் பூட்டித் திறக்க ஒரு கதவு வேண்டும் என்பதைத் தவிர வேறு கனவு கிடையாது. தம்பி மனைவி வாயும் வயிறுமாக இருக்கிறாள். அவளுடைய அம்மா வெள்ளிக்கிழமை வந்து தங்கப் போகிறாள். வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே அறை இந்தப் பின்னறை.

“சான்றிதழ் எல்லாரும்தான் காட்டுவாங்க. நீ வளர்க்கிறதைக் காட்டு” என்று சொல்லியிருந்தார் கூடத்தின் கண்காணிப்பாளர். இன்று காலை அவர் வருகிறார். வந்து பார்க்கப்போவது இந்த இலைகளைத்தான்.

பாலிஷ்காரர் தோளில் மெல்லிய துணியும் முகத்தில் ஒரு சிரிப்புமாக வந்து நின்றார். நாற்பது வருஷம் மேசைக்கும் அலமாரிக்கும் கடைசிப் பூச்சு போட்ட மனிதர். கை லேசாக நடுங்க ஆரம்பித்த பிறகுதான் தொழிலை விட்டார்.

“எப்படி இருக்கு?” என்றார். “காலையில இருந்து உக்காந்து போட்டேன். பச்சைப்புள்ள கன்னத்தைத் துடைக்கிற மாதிரி போட்டிருக்கேன், பாத்துக்கோ.”

“யாருப்பா உங்களைப் போடச் சொன்னா?”

“பெரிய அம்மா ஒருத்தங்க வர்றாங்க. வீட்டுப் பொருள் மங்கலா நின்னா உனக்கு மரியாதையா? ஏற்கெனவே மின்னுறதை நான் தொடவே இல்ல. மங்கிக் கெடந்த இந்த மூணை மட்டும்தான் தேய்ச்சேன்.”

அவர் சொன்னது நிஜம். அந்த அறையில் இயல்பாகவே மினுக்கும் சாதிகளும் இருந்தன. எலுமிச்சை நிறத்தில் ஒன்று, வெள்ளைத் தெறிப்போடு ஒன்று, மான்கொம்பு போலக் கிளைத்த இலையோடு ஒன்று. அவற்றில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. அவள் காட்டி வேலை வாங்க நினைத்திருந்த மூன்றையும் மட்டும் பொறுக்கியெடுத்து மெழுகேற்றியிருந்தார்.

“அது மங்கல் இல்லப்பா. அதுதான் அதோட துணி. இலை மேல பூ மாதிரி மயிர் இருக்கும். அதை நீங்க படுக்க வெச்சு மெழுகைப் பூசிட்டீங்க. இனி எழுந்திரிக்காது.”

“சோப்புத் தண்ணி போட்டா…?”

“எண்ணெய் கொஞ்சம் போகும். வெல்வெட் திரும்பி வராது.”

அவர் சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கியது.

அவள் அதோடு விட்டிருக்கலாம். ஆனால் போன வாரம் முழுக்க அவர் முணுமுணுத்தது காதிலேயே இருந்தது. ‘வேலைக்குப் போ, வேண்டாம்னா சொன்னேன்? அங்கயே போய்த் தங்கணும்னு என்ன தலையெழுத்து? நான் செத்தா போயிட்டேன்?’

“தெரிஞ்சுதானே செஞ்சீங்க?” என்றாள்.

“என்னது?”

“நான் போகக்கூடாதுன்னுதானே செஞ்சீங்க?”

பாலிஷ்காரர் தோளில் கிடந்த துணியை எடுத்து நான்காக மடித்தார். மடித்ததை இன்னொரு முறை மடித்தார். பிறகு வீட்டு முன்கூடத்துக்குப் போய், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

“காலங்காத்தால என்ன ரகளை?”

கடுகு வந்து நின்றாள். தம்பி மனைவிக்கு மாமனார் வைத்த பெயர் அது. ஆள் சிறிசு, பேச்சில் காரம். பல் மருத்துவமனையில் வேலை. மருத்துவர் ‘வாயைத் திறங்க’ என்று சொல்வதற்குள் நோயாளி திறந்துவிடுவார், அப்படி ஒரு குரல்.

செடியைப் பார்த்தாள். மாமனார் இருந்த திசையைப் பார்த்தாள்.

“அடப்பாவமே. மாமா அலமாரின்னு நெனச்சுட்டாரா?”

“சிரிக்காதே, கடுகு. எனக்கு உயிரே போகுது.”

“நான் எங்க சிரிச்சேன் அண்ணி? என் மூஞ்சியே அப்படித்தான்.” அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு திரும்பினாள். “இந்தாங்க. மின்னுற இலையை எல்லாம் நறுக்கிடுங்க. மிச்சம் ரெண்டு பச்சைக் குருத்து நிக்கும். ‘இப்பதான் வெட்டிவிட்டேன், புதுசா வரும்’னு சொல்லுங்க. வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது?”

“எல்லாம் தெரியும் அவங்களுக்கு.”

“தெரிஞ்சாலும் வெட்டினதைப் பத்தி என்ன சொல்லிடுவாங்க? சொத்தைப் பல்லோட நின்னாதான் அசிங்கம். பிடுங்கிட்டா வெறும் எடம்தானே?”

யோசனை நன்றாகத்தான் இருந்தது. செடிக்காரி கத்தரிக்கோலை வாங்கி, கறுப்பு வெல்வெட்டின் முதல் காம்பில் வைத்தாள். இந்தச் செடி அவளுக்கு வந்ததே குப்பையிலிருந்துதான். அலுவலகங்களுக்குத் தொட்டி வாடகைக்கு விடும் கடையில் அவள் வேலை பார்த்தபோது, இலை உதிர்ந்துபோன செடிகளை முதலாளி பின்வாசலில் எறிவார். அவள் பொறுக்கி வருவாள். கடை மூடிவிட்டது. பொறுக்கி வந்தவை பின்னறையை நிறைத்துவிட்டன.

கத்தரிக்கோலை அழுத்தவில்லை. மெதுவாக எடுத்துத் தொட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

“என்ன ஆச்சு?”

“வெட்டினா பட்டினி கிடக்கும்.”

“உங்களுக்கு வேலை கெடைக்கலைன்னா நீங்க கிடப்பீங்க!” என்றாள் கடுகு.

வாசல் மணி அடித்தது.

கண்காணிப்பாளர் அம்மாள் உயரமாக, ஒல்லியாக, அவசரமே இல்லாதவராக இருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. தண்ணீர் வேண்டாம் என்றார், நாற்காலி வேண்டாம் என்றார். பின்னறைக்குள் போவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தெளித்துத் தேய்த்துக்கொண்டார்.

முதலில் அவர் குனிந்தது தவழும் செடியிடம். அது வட்டத் தொட்டியில் இல்லை. உடைந்த மேசையின் நீளமான இழுப்பறை ஒன்றில் பிளாஸ்டிக் விரித்து, மண்ணும் மரப்பட்டையும் கலந்து போட்டு, அதன் தண்டை மண் மேலேயே படுக்க விட்டிருந்தாள்.

“இதை ஏன் கம்புல கட்டல?”

“இது ஏறாதுங்க. தரையில நடக்கிற சாதி. ஒரு பக்கம் முளைச்சு முன்னாடி போய்க்கிட்டே இருக்கும். அதான் நீளமா வெச்சேன். தண்டைப் புதைச்சா அழுகிடும்.”

“எத்தனை பேர் வீட்ல இதைக் கம்புல கட்டித் தூக்குல போட்டிருக்காங்க தெரியுமா?” என்றார் அம்மாள். குரலில் ஒரு திருப்தி தெரிந்தது.

அந்தத் திருப்தியோடேயே இலையைத் திருப்பினார். நிறுத்தினார். கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். கறுப்பு வெல்வெட்டுக்குப் போனார். அங்கேயும் பார்த்தார்.

“இது என்ன?”

வாசற்படியில் கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்கூடத்திலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

செடிக்காரி அந்தச் சத்தத்தைக் கேட்டாள். சற்று முன் துணியை மடித்துக்கொண்டிருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. ஓர் அந்நியர் முன்னால் அவரைக் கூட்டி வந்து நிறுத்த மனம் வரவில்லை.

“நான்தான் துடைச்சேங்க” என்றாள்.

“எண்ணெயாலயா?”

“மெழுகு கலந்தது.”

“இந்த இலையை அப்படித் துடைக்கக் கூடாதுன்னு தெரியாதா?”

“தெரியும்… ஏதோ அவசரத்துல…”

“தவழுற செடிக்கு இழுப்பறை தேடின ஆளு, இலைக்கு மெழுகு போட்டியா?”

“அவளுக்கு அந்த வேலை வராதுங்க.”

பாலிஷ்காரர் உள்ளே வந்துவிட்டார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

“அப்பா, நீங்க போங்க.”

“நீ சும்மா இரு. அம்மா, ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னாலே இவ பாதி சோப்பை அதுலயே விட்டுட்டு வருவா. இவளா இதைச் செஞ்சா? நீங்களே பாருங்க. நரம்பு ஓரத்துல ஒரு சொட்டு வழிஞ்சிருக்கா? எங்கயாவது திட்டு நிக்குதா? ஒரே இழுப்பு. இது நாற்பது வருஷக் கை.” சட்டென்று குரல் இறங்கியது. “செஞ்சிருக்கக் கூடாதுன்னு இப்பதான் தெரிஞ்சுது. அது என்னோட தப்பு. அவ தலையில கட்டாதீங்க.”

கண்காணிப்பாளர் உதட்டை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தோள் லேசாகக் குலுங்கியது போல இருந்தது.

“வழியலதான்” என்றார் திரும்பி. “அழகாத்தான் போட்டிருக்கீங்க. சுருண்டிருக்கிற குருத்தை விட்டுட்டீங்களே?”

“விரிச்சுப் போடலாம்னு பாத்தேன். கிழிஞ்சிரும்னு தோணுச்சு. விட்டுட்டேன்.”

“புண்ணியம்.” அவர் மகளிடம் திரும்பினார். “சரி. இப்ப இதை என்ன பண்ணப் போறே?”

“வெதுவெதுப்பான தண்ணியில ஒரு சொட்டு சோப்பு விட்டு, இலையைக் கையில தாங்கிக் கழுவுவேன். மெழுகு போற வரைக்கும் வெயில் நேரா விழாத எடத்துல வைப்பேன். இல்லாட்டி வெந்துரும்.”

“கத்தரிக்கோல் பக்கத்துலயே கெடக்குது. வெட்டணும்னு தோணலையா?”

“தோணுச்சு.”

“ஏன் வெட்டல?”

“வெட்டினா பார்க்கச் சுத்தமா இருக்கும். ஆனா புது இலை விடுறதுக்குச் சாப்பாட்டுக்கு எங்க போகும்? அசிங்கமா இருந்தாலும் இந்த இலைதான் இப்போதைக்கு அதுக்குக் கை. புதுசு விரியட்டும். அப்புறம் பழசை ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம்.”

கண்காணிப்பாளர் தலையை ஆட்டவில்லை, பாராட்டவில்லை. அறையைச் சுற்றி ஒருமுறை வந்தார். ஒவ்வொரு தொட்டியிலும் இலையின் அடியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழுத்தில் விட்டுவிட்டு, “உன்னை எடுத்துக்கறேன்” என்றார்.

செடிக்காரி கைகூப்பப் போனாள்.

“ஆனா உன்னை மட்டும்தான். இதுல ஒரு இலைகூட என் கூடத்துக்கு வரக்கூடாது. முன்னாடி இருந்தவ ஆசையா ஒரு தொட்டியைக் கொண்டுவந்தா. அது கூடவே இலைப்பேன் வந்துச்சு. கண்ணுக்கு லேசுல தெரியாத பூச்சி, சாறை உறிஞ்சி இலையில வெள்ளிக் கோடா விட்டுட்டுப் போகும். ஒரு வரிசை முழுக்கத் தூக்கி எரிச்சோம். அது துணியில ஒட்டிக்கிட்டும் வரும். அதனால பூச்சி உள்ள வீட்டுல இருந்து ஆளையே எடுக்கறதில்லை. உன் வீடு சுத்தமா இருக்கு, அதான் கேக்கறேன். சாயந்திரத்துக்குள்ள போன்ல சொல்லு. இன்னொரு பொண்ணும் காத்துக்கிட்டு இருக்கா.”

அவர் போன பிறகு மூன்று பேரும் பின்னறையில் நின்றார்கள்.

“நான் சொல்லிடறேன் அண்ணி” என்றாள் கடுகு. வழக்கத்துக்கு மாறாகக் குரல் தாழ்ந்திருந்தது. “எங்கம்மா வந்தா இங்கதான் படுப்பாங்க. செடியோட சேர்ந்து படுக்க முடியாது. முன்கூடத்துல வைக்கவும் எடமில்லை. நான் கெட்டவ ஆயிக்கறேன், பரவால்ல.”

“நீ கெட்டவ இல்ல. எனக்குத்தான் தெரியல.” செடிக்காரி இழுப்பறை ஓரத்தில் உட்கார்ந்தாள். “குப்பையில இருந்து பொறுக்கி வந்து, தேத்தி, மறுபடியும் குப்பைக்கே அனுப்பிட்டுப் போகணுமா?”

“என் ரூம்ல வை” என்றார் பாலிஷ்காரர்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் அறை ஒரு குகை. அவர் கையால் செய்த கட்டில், அலமாரி, கண்ணாடி மேசை எல்லாம் அங்கேதான் இருந்தன. வெயில் பட்டால் பூச்சு வெளுத்துவிடும் என்று, கனத்த திரையை அவர் விலக்கியதே இல்லை. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் செய்தித்தாள் படிப்பார்.

“வெளிச்சம் இல்லாம செடி உயிரோட இருக்காதுப்பா.”

அவர் தன் அறைக்குப் போனார். அறையிலிருந்து திரைக்கம்பி கிறீச்சிட்டது. இருவரும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. வெயில் நேராக வந்து அலமாரிக் கதவில் விழுந்திருந்தது.

“மாமா! அலமாரி வெளுத்துடுமே!”

“வெளுக்கட்டும். எல்லாருக்கும்தான் வெளுக்குது” என்று தன் தலையைத் தடவிக்கொண்டார்.

செடிக்காரி உள்ளே போய், மெல்லிய திரையை மட்டும் பாதி இழுத்துவிட்டாள். “இவ்வளவு போதும்பா. நேர் வெயில் வேண்டாம். வெளிச்சம் இருந்தா போதும்.”

“தண்ணி?”

“விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாருங்க. காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. ஆசையில ஊத்தாதீங்க.”

“தூசி படிஞ்சா?”

“துணியை எடுக்கவே கூடாது.”

“சரி, சரி. எடுக்கல.” அவர் மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதம் சுற்றிய ஒரு தூரிகையை எடுத்தார். இன்னும் வார்னிஷ் தொடாத, முடி மெத்தென்ற தூரிகை. “இதால தட்டிவிடலாமா?”

“அதுதான் வேணும்.” அவள் அதை வாங்கி உள்ளங்கையில் தடவிப் பார்த்தாள். “அப்பா, காலையில நான் சொன்னது…”

“விடு. நீ போகக் கூடாதுன்னு எனக்கு இருந்துச்சுதான். இல்லைன்னு சொன்னா பொய். அதுக்காக ஒரு நல்ல பொருளைக் கெடுக்கற ஆளா நான்?”

அவள் அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

மதியம் முழுக்கச் செடி சுமந்தார்கள். மெழுகு ஏறிய மூன்றையும் முதலில் கழுவி நிழலோரத்தில் வைத்தார்கள். கனமானதை அப்பாவும் மகளும் தூக்க, கடுகு கதவைப் பிடித்துக்கொண்டு, “இடது பக்கம், இடது பக்கம், அய்யோ அது வலது!” என்று ஊர்வலம் நடத்தினாள். சாயந்திரம் ஆனபோது குகை காடாகிவிட்டது.

“நீ போன் பண்ணு” என்றார் பாலிஷ்காரர். “இன்னொருத்திக்குப் போயிடப் போகுது.”

அவள் எண்ணை அழுத்தும் நேரத்தில் கடுகு தன் அறையிலிருந்து வந்தாள். கையில் ஒரு சின்னத் தொட்டி. எலுமிச்சை நிற இலைகள்.

“எல்லாம் ஒண்ணா இருக்கட்டும்னு…” என்றாள். முகம் சிவந்திருந்தது. “அன்னிக்கு நீங்க வெட்டிப் போட்டீங்களே ஒரு துண்டு? எடுத்துத் தண்ணியில போட்டு வெச்சேன். வேர் விட்டுருச்சு. செடி எல்லாம் எனக்கு ஆகாதுன்னு நானே கத்திக்கிட்டு, எப்படிச் சொல்றதுன்னு ஜன்னல் பின்னாடி வெச்சிருந்தேன். நானே வளத்தது அண்ணி. நல்லா இருக்கா?”

செடிக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போனைக் காதில் வைத்தபடியே கடுகின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள். மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது.

பாலிஷ்காரர் அந்தத் தொட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஒரு பரப்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பது அவருக்குக் கைவந்த பழக்கம். இலையைப் புரட்டினார். கண்ணைச் சுருக்கினார்.

“இந்தாம்மா, இதைப் பாரேன். அடியில வெள்ளிக் கம்பியால கீறின மாதிரி இருக்கு. தேய்ச்சா இப்படி வராதே.”

அவள் குனிந்தாள்.

வெள்ளிக் கோடுகள். கோட்டைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள். ஒரு கோட்டின் ஓரத்தில், மயிரிழை போல ஏதோ ஒன்று நகர்ந்தது.

“சொல்லும்மா” என்றது போன். “என்ன முடிவு பண்ணினே? வர்றியா?”

“வணக்கம்ங்க… நான்…”

“வர்றேன்னு சொன்னா, நாளைக்கே அந்த ரூமைத் தெறந்து கூட்டிப் பெருக்கச் சொல்லிடறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் இன்னிக்குப் பாத்த செடிங்களைத் தவிர, உங்க வீட்ல வேற எதுவும் இல்லையே?”

கடுகு மாமனார் கையிலிருந்து தொட்டியைத் திரும்ப வாங்கி, இரண்டு கைகளாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “என்ன அண்ணி, நல்லா இருக்கா இல்லையா? சொல்லவே இல்லையே” என்று சிரித்துக்கொண்டு நின்றாள்.